சான் பெலிப்பே மாதா வீடு மாறிய கதை

தோ பாயோ, சிங்கப்பூர்
3 மார்ச் 2024

அன்புள்ள இப்ராஹீம் பாய்,

இது நானே எழுதும் கடிதம். யாரிடமும் சொல்லி எழுதி வாங்கவில்லை. நம்பாவிட்டால் உங்கள் மகள் நஃபீசாவிடம் காட்டுங்கள். இவ்வளவு கோணலாக வேறு யாரும் எழுத முடியாது என்று அவளே சொல்வாள்.

"நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கச் சொன்னார் எங்கள் அனிதா டீச்சர். நான் நலம்தான், அதில் சந்தேகமில்லை. நீங்கள் நலமா என்று எனக்கு உண்மையாகவே தெரிய வேண்டும். அதனால் கேட்கிறேன்.

போன வருடம் மகள் வீட்டுக்குக் கிளம்பியபோது சாங்கி விமான நிலையத்தில் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னீர்கள். "நான் போயிட்டா உனக்குப் பேப்பர் யாரு படிச்சுக் காட்டுவா, பச்சை?" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ரயிலில் திரும்பி வரும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. டன்லப் ஸ்ட்ரீட்டில் உங்கள் கடை வாசலில் நின்று, நீங்கள் படிக்கப் படிக்கக் கேட்டே கிழவனானவன் நான். ஊரெல்லாம் தண்ணீர்க் குழாய் பதித்தேன், கேலாங்கில், பிடோக்கில், எங்கே தோண்டச் சொன்னாலும் தோண்டினேன். தெருவின் பெயரை மட்டும் அடுத்தவனைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த வாரமே சமூக மன்றத்தில் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.

லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் தமிழில் பெயர் எழுதியிருக்கிறது, உங்களுக்குத் தெரியுமா? ஒருநாள் இறங்கியதும் அதன் எதிரே நின்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். பின்னால் வந்த சீனர், "அங்கிள், நகருங்க லா" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "கொஞ்சம் இருங்க, இன்னும் ரெண்டு எழுத்து பாக்கி" என்றேன். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நின்றார். நல்ல மனிதர்.

இனி போனில் கூப்பிடாதீர்கள். கடிதம் எழுதுங்கள். நான் படிக்க வேண்டும். எழுத்து பெரிதாக இருக்கட்டும். உங்கள் வீட்டுக்கு எதிரே ஸ்பானியர் காலத்து மாதா கோயில் ஒன்று இருக்கிறதாமே, நஃபீசா சொன்னாள். அதைப் பற்றி எழுதுங்கள். பெரிய விஷயமாக இருந்தால் பெரிய கடிதம் வரும் என்ற ஆசைதான்.

உங்கள்
பச்சைமுத்து


சான் பெலிப்பே, பிலிப்பைன்ஸ்
28 மார்ச் 2024

பச்சை,

உன் கடிதத்தை நஃபீசாவிடம் காட்டினேன். "இது பச்சை மாமா எழுத்துதான் வாப்பா, வேற யாராலும் முடியாது" என்றாள். நீ சொன்னது சரியாகப் போயிற்று. விமான நிலையத்தில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். சொல்லாமல் இருந்திருந்தால் உன்னிடமிருந்து இந்தக் கடிதம் வந்திருக்குமா?

நஃபீசாவின் கணவர் யாசருக்குத் துறைமுகத்தில் வேலை. எனக்கு வேலையே இல்லை. காலையில் தொழுதுவிட்டு எதிரே இருக்கும் கோயில் வளாகத்தில், மரத்தடி பெஞ்சில் போய் உட்காருவேன். அங்கே ரெமெடியோஸ் என்று ஒரு கிழவி வருவார். கோயில் மாதாவுக்கு உடை மாற்றும் உரிமை அவர் குடும்பத்துடையது. இலையில் மடித்து அரிசிப் பண்டம் கொண்டுவந்து எனக்குப் பாதி தருவார். இருவரும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வோம். அவருடைய ஆங்கிலம் என்னுடையதைவிட நன்றாக இருக்கும். கோயிலைப் பற்றி நான் எழுதுவதெல்லாம் அவர் சொல்லித் தெரிந்தவை.

ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார்கள் மெக்சிகோ வழியாகக் கப்பலேறி இங்கே வந்தார்கள். முதலில் மூங்கிலையும் ஓலையையும் கொண்டு ஒரு கோயில் கட்டினார்கள். தெற்குத் தீவுகளிலிருந்து படகில் வந்தவர்கள் அதை எரித்தார்கள். மறுபடியும் கட்டினார்கள், மறுபடியும் எரிந்தது. அதன் பிறகுதான் கல்லுக்கு மாறினார்கள். கடல் வற்றும் நேரத்தில் ஊரார் இறங்கிப் பவளப்பாறையை வெட்டிப் படகில் ஏற்றி வந்தார்கள். சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு செய்து, முட்டையின் வெள்ளைக்கருவைக் கலந்து பூசினார்களாம். மஞ்சள் கரு மிஞ்சிப் போனதால்தான் இந்த ஊரில் இத்தனை இனிப்பு வகை என்கிறார் ரெமெடியோஸ். உண்மையோ கதையோ, இனிப்பு அருமை. ஊரார் ஒன்றும் ஆசைப்பட்டு வேலை செய்யவில்லை. அது கட்டாய வேலை. வராதவனைப் பிடித்துக் கட்டிப்போட்டார்களாம். ஆனாலும் கட்டினார்கள் பார், அப்படி ஒரு சுவர்! நீயும் நானும் கையை நீட்டிப் படுத்தாலும் அதன் கனத்துக்குக் காணாது.

இன்னொன்று. எரித்தவர்கள் முஸ்லிம்களாம். "இந்தச் சுவரே உங்க ஆளுங்களுக்குப் பயந்து கட்டினதுதான்" என்றார் ரெமெடியோஸ், முதல் நாளே. "எங்க ஆளுங்க அப்போ கீழக்கரையில சங்கு வித்துக்கிட்டு இருந்தாங்கம்மா" என்றேன். அன்றைக்குத்தான் முதல்முறை பண்டத்தில் பாதி கிடைத்தது.

வாசல் முகப்பில் மாதாவைச் சுற்றிக் கொடி ஓடுகிறது. பாதிரியார் திராட்சைக் கொத்து வரைந்து கொடுத்தாராம். செதுக்கியவன் திராட்சையைக் கண்ணால் பார்த்ததில்லை. பாக்குக் குலையைச் செதுக்கிவிட்டான். பக்கத்தில் ஒரு பலாப்பழம், முள்ளெல்லாம் சரியாக. பாதிரியார் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன். "சொல்லியிருப்பார். அதுக்குள்ள கல் மேலே ஏறிடுச்சு" என்றார் ரெமெடியோஸ்.

மகிழ்ச்சியான கதை இத்தோடு முடிகிறது. சென்ற வருட நிலநடுக்கத்தில் பீடத்துக்குப் பின்சுவர் பிளந்துவிட்டது. மணிலாவிலிருந்து வந்த பொறியாளர்கள், இரண்டு வருடம் கோயிலை மூடிப் பழுது பார்க்கலாம், மழைக்கு முன்னால் காலி செய்யாவிட்டால் சுவர் எப்போது வேண்டுமானாலும் விழும் என்று சொல்லிவிட்டார்கள். பிஷப்பும் உத்தரவு போட்டுவிட்டார். ஆனால் மாதா வெளியேற மாட்டார் என்கிறது ஊர். யுத்தத்தின்போது ஒரே ஒரு முறை மாதாவை மலைக்கு எடுத்துப் போய் ஒளித்தார்களாம், அன்றைக்கே ஊர் எரிந்ததாம். இனி ஒருநாளும் வெளியே அனுப்புவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டார்கள். மாதா உள்ளே இருக்கும்வரை அவர்களும் உள்ளே. தினமும் மாலையில் அந்தப் பிளந்த சுவரின் கீழே முதல் பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்கிறார் ரெமெடியோஸ். நான் வாசலில் நின்று மேலே சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஜூனில் இங்கே மழை தொடங்கிவிடும்.

இப்ராஹீம்


தோ பாயோ
20 ஏப்ரல் 2024

அன்புள்ள பாய்,

உங்கள் கடிதத்தை நான்கு நாள் படித்தேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். சீக்கிரம் தீர்ந்துவிடக்கூடாது என்று வேண்டுமென்றே மெதுவாகப் படித்தேன். பிறகு வகுப்பில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். பாக்குக் குலை வந்த இடத்தில் அனிதா டீச்சர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக் கணினி வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

அந்தச் செதுக்கியவனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தெரியாது என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை பாருங்கள். தெரிந்ததைச் செய்து ஏற்றிவிட்டான். கடலிலிருந்து கல்லெடுத்து, முட்டையை உடைத்து, அடித்த அடியையும் வாங்கி, அப்படியும் இவ்வளவு அழகாக ஒன்றைக் கட்ட முடியுமா? நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. அந்த முட்டைகளையெல்லாம் கோழிகள் எப்படித்தான் போட்டனவோ.

ஆனால் ரெமெடியோஸ் அம்மாள் அங்கே உட்காருவது எனக்குப் பயமாக இருக்கிறது. வீடு ரிப்பேர் என்றால் சாமி தள்ளி இருப்பது உலகத்தில் நடக்காத காரியமா? எங்கள் கோயிலிலும் இப்போது திருப்பணி நடக்கிறது. பாலாலயம் செய்து அம்மனைப் பக்கத்திலேயே தகரக் கொட்டகையில் வைத்திருக்கிறார்கள். கருவறையைப் பூட்டிச் சாரம் கட்டியாகிவிட்டது. கொட்டகையில் ஒரே ஒரு மின்விசிறி. ஐயருக்கு வேர்த்து வழிகிறது. கும்பாபிஷேகம் ஆனதும் அம்மன் உள்ளே போய்விடுவாள். இதை அவரிடம் சொல்லிப் பாருங்களேன். கேட்டால் சரி என்பார்.

உங்கள்
பச்சைமுத்து


சான் பெலிப்பே
15 மே 2024

பச்சை,

சொன்னேன். கேட்டார். இப்போது என்னோடு பேசுவதில்லை.

உன் பேச்சைக் கேட்டுப் போனேனே, என்னைச் சொல்ல வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து நல்லபடியாகத்தான் ஆரம்பித்தேன். "சிங்கப்பூர்ல என் கூட்டாளி ஒருத்தன். அவன் கோயில்ல ரிப்பேர். சாமியைத் தூக்கித் தகரக் கொட்டகையில வச்சுட்டாங்க. நீங்களும் அப்படி மாத்திடுங்க, பிரச்சினை தீர்ந்துச்சு" என்றேன். அவர் கையிலிருந்த பண்டத்தைத் திரும்ப இலையில் வைத்து மடித்தார். "என் மாதாவைத் தகரக் கொட்டகையிலயா? கோழியை அடைக்கிற மாதிரியா?" என்று கேட்டார். "உங்க ஆளுங்க நெருப்போட வந்தாங்க. நீங்க யோசனையோட வந்திருக்கீங்க" என்றும் சொன்னார். சிரிக்காமல் சொன்னார்.

அதோடு போயிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். முன்பு மாலையில் மட்டும் அந்தச் சுவரடியில் உட்கார்ந்தவர், இப்போது காலையிலிருந்தே உட்காருகிறார். யாரோ மாதாவைத் தூக்கப் போகிறார்கள் என்று செய்தி பரவி, இன்னும் பல பெண்கள் முறை வைத்துக் காவல் இருக்கிறார்கள். பொறியாளர் என் வீட்டுக்கே வந்து, "அங்கிள், தயவுசெஞ்சு நீங்க உதவி செய்யாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நேற்றே இந்த வருடத்தின் முதல் மழை பெய்துவிட்டது. பிளவு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்குவது வாசலிலிருந்தே தெரிகிறது.

உன் தகரக் கொட்டகையை நீயே வைத்துக்கொள்.

இப்ராஹீம்


தோ பாயோ
2 ஜூன் 2024

அன்புள்ள பாய்,

கோபமாக எழுதினாலும் எழுத்து பெரிதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நன்றி.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். கொட்டகை வாசலில் உட்கார்ந்து, நீங்கள் ரெமெடியோஸ் அம்மாளிடம் சொன்னதை ஐயருக்குப் படித்துக் காட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "சாமியைத் தூக்கி வச்சாங்கன்னா சொன்னாரு உங்க பாய்? பீரோவைத் தூக்கி வச்ச மாதிரி?" என்றார். தவறு என்னுடையதுதான். நான் கொட்டகையைப் பற்றி எழுதினேன், மின்விசிறியைப் பற்றி எழுதினேன். முக்கியமானதை எழுதாமல் விட்டேன். எனக்கு அது தெரிந்த விஷயம், உங்களுக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். நீங்கள் எங்கே பாலாலயம் பார்த்தீர்கள்!

கேளுங்கள். பாலாலயத்தில் முதலில் நடப்பதே அனுமதி கேட்கும் பூஜை. தாயே, உன் வீடு பழுதாகிவிட்டது, சரி செய்ய நினைக்கிறோம், உனக்குச் சம்மதமா, அதுவரை எங்களோடு இங்கே வந்து இருப்பாயா என்று அவளிடம் கேட்கிறார்கள். பிறகு ஒரு குடத்து நீருக்குள் வரும்படி வேண்டிக்கொள்கிறார்கள். அந்தக் குடத்தை ஐயர் தலையில் சுமந்து, மேளத்தோடு கோயிலைச் சுற்றி வருகிறார். மரப்பலகையில் தீட்டிய உருவத்தில் அவளை இருக்கச் சொல்லிக் கும்பிடுகிறோம். கிளம்பு என்று யாரும் சொல்வதில்லை. அவள்தான் வருகிறாள். நாங்கள் இடம் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

உங்கள் கடையைக் காலி செய்யச் சொல்லி வந்தாரே கட்டட முதலாளியின் ஆள், நீங்கள் அவர் மாதிரிப் பேசியிருக்கிறீர்கள். பொறியாளரும் அப்படி, பிஷப்பும் அப்படி. எல்லோரும் காலி செய், காலி செய் என்கிறார்கள். அந்த மாதாவிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

இதையும் சொன்னால் கோபம் வருமோ தெரியவில்லை. வந்தாலும் பரவாயில்லை, போங்கள். மழை பெய்கிறது என்கிறீர்கள்.

உங்கள்
பச்சைமுத்து


சான் பெலிப்பே
9 ஜூலை 2024

பச்சை,

உட்கார்ந்துகொண்டு படி.

உன் கடிதம் வந்த அன்று ரெமெடியோஸ் வீட்டு வெளிக்கதவில் போய் நின்றேன். ஜன்னலிலிருந்து, "இப்ப என்ன யோசனை?" என்று கேட்டார்.

"யோசனை இல்லைம்மா. ஒரு கேள்வி. உங்ககிட்ட இல்ல, அவங்ககிட்ட" என்றேன். "எனக்குச் சிலைகிட்டப் பேசுற வழக்கமில்லை. ஆனா மரியம்ங்கிற பேரு எங்களுக்கும் பெரிய பேரு. எங்க வேதத்துல ஒரு அத்தியாயமே அவங்க பேர்ல இருக்கு. அதனால நீங்க கேட்டுச் சொல்லுங்க."

"என்ன கேக்கணும்?"

"வீடு ரிப்பேர் ஆகுற வரைக்கும் எங்க இருக்க விருப்பம்னு."

ஜன்னல் மூடிக்கொண்டது. கதை முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். இலையை விரித்து என் பக்கம் பாதியைத் தள்ளினார். "கேட்டேன். பதில் வந்துடுச்சு" என்றார். இந்த ஊர்ப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சின்ன மாதா சிலை ஒன்றை வீடு வீடாக எடுத்துப் போவார்கள். ஒரு வீட்டில் வைத்து எல்லோரும் கூடி ஜெபிப்பார்கள், பிறகு அடுத்த வீட்டுக்காரர் வந்து அழைத்துப் போவார். அது சின்ன சிலைக்கு மட்டும்தான். கோயில் மாதா ஒருநாளும் அப்படிப் போனதில்லை. "அம்மா ஒரே இடத்துல இருக்க மாட்டாங்களாம். எல்லார் வீட்டையும் பார்க்கணுமாம். இத்தனை வருஷமா எல்லாரும் அவங்களைப் பார்க்க வந்தாங்களே தவிர, யாருமே வீட்டுக்குக் கூப்பிட்டதில்லையாம்" என்றார்.

"உங்ககிட்டச் சொன்னாங்களா?"

"நாற்பது வருஷமா அவங்களுக்கு உடை மாத்துறவ நான். என்கிட்டச் சொல்லாம வேற யார்கிட்டச் சொல்லுவாங்க?"

"அப்போ அந்தச் சத்தியம்?" என்று கேட்டேன். எனக்குப் பயம்தான்.

"அன்னைக்கு அவங்க ஒளிஞ்சு போனாங்க. இன்னைக்கு விருந்துக்குப் போறாங்க" என்றார்.

இதையே அவர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எழுந்து நின்று ஊருக்குச் சொன்னார். வாசலில் நின்ற எனக்கு மொழி புரியவில்லை. அவர் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். என்னவென்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன். முதலில் யார் வீட்டுக்கு என்று சண்டையாம்! மேயர் மனைவி கையை உயர்த்தினார். ரெமெடியோஸ் கடற்கரையில் இருக்கும் மீன்காரி வீட்டைச் சொல்லிவிட்டார். அடுத்த நாளே ஆறு ஆட்கள் தோளில் மாதா வெளியே வந்தார். மூன்று பேர் அழுதார்கள், அதில் பொறியாளர் ஒருவர். அன்று மாலையே கோயிலைப் பூட்டினார்கள்.

போன வாரம் புயல். பின்சுவரின் மேல்பாகம் உள்பக்கமாகச் சரிந்தது. முதல் பெஞ்ச் இருந்த இடத்தில் இப்போது கல்தான் இருக்கிறது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஊரே மீன்காரி வீட்டில் இருந்தது. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டு ரக்அத் தொழுதேன். முகப்புக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவ்வளவு கனமான சுவர் சரிந்தும், உன் ஆள் செதுக்கிய பாக்கு ஒன்றுகூட உதிரவில்லை.

எங்கள் தெருவின் முறை வரப்போகிறது. எங்கள் வீட்டில் எப்படி என்று நஃபீசாவுக்குக் கவலை. ரெமெடியோஸே வந்து, "உங்க வீட்டுக்குள்ள வர மாட்டாங்க, அவங்களுக்கு உங்க வழக்கம் தெரியும். வாசல்ல நின்னு நலம் விசாரிச்சுட்டுப் போவாங்க" என்றார். தூக்கி வருபவர்களுக்கு என்ன பலகாரம் செய்யலாம் என்று வீட்டில் இப்போது அதுதான் பேச்சு.

உன் கடிதம் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எழுத வரவில்லை. எனக்கே எழுத வராத விஷயம் ஒன்று இருக்கிறது பார்.

இப்ராஹீம்


தோ பாயோ
30 ஜூலை 2024

அன்புள்ள பாய்,

உட்கார்ந்துதான் படித்தேன். பெஞ்ச் இருந்த இடத்தில் கல் என்ற வரி வந்ததும் எழுந்துவிட்டேன். வீட்டுக்குள்ளேயே இங்கும் அங்கும் நடந்தேன். பிறகு உட்கார்ந்து மீதியைப் படித்தேன். ரெமெடியோஸ் அம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். என்ன பெண்மணி! மேயர் வீட்டை விட்டு மீன்காரி வீட்டைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்.

என் கடிதத்துக்குப் பெரிய பெருமை கொடுத்துவிட்டீர்கள். நான் எழுதியது கொட்டகைக் கதை. வீடு வீடாகப் போகலாம் என்று எனக்கோ எங்கள் ஐயருக்கோ தோன்றியிருக்குமா? தோன்றியிருக்காது. அது அந்த ஊர்க்காரர்களுடையது. திராட்சை கேட்டால் பாக்கு செய்யும் ஊராயிற்றே.

எங்கள் கோயிலில் வேலை முடியப் போகிறது. கோபுரத்துக்கு வண்ணம் பூசுகிறார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் உங்களிடம் ஒன்று சொல்கிறேன். முன்பெல்லாம் அம்மனை நான் தூரத்திலிருந்துதான் பார்ப்பேன். முன்னால் நூறு தலை, கதவு, இருட்டு, அதற்குள்ளே ஒரு சின்ன விளக்கு. கொட்டகையில் அப்படி இல்லை. கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரம். வேலையில்லாத மத்தியானங்களில் போய் உட்கார்ந்து, புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். பிழையாகப் படித்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டாள். உள்ளே போய்விட்டால் மறுபடியும் நான் பின்வரிசைதான்.

அந்த ஊர் மக்களுக்கு இப்போது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அவ்வளவு கனமான சுவருக்குள் இருந்தவர், இன்று யார் வீட்டிலோ சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறார். பிள்ளைகள் அங்கேயே பாடம் படிக்கும். யாரோ வெங்காயம் நறுக்குவார்கள்.

டிசம்பரில் என்னை அங்கே அழைத்து வருவதாக என் மகன் ஸ்ரீராம் சொல்லியிருக்கிறான். பாக்குக் குலையை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும். மாதாவையும் பார்க்க வேண்டும், அதுவும் யாராவது ஒருவர் வீட்டுக் கூடத்தில். கதவைத் தட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

அதனால் அந்தக் கொத்தனார்களிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள் பாய். சுவரை நன்றாகக் கட்டட்டும். அவசரமே இல்லை.

உங்கள்
பச்சைமுத்து